நாலு நாள்காரியும் அறுபத்தெட்டுப் படிகளும்

ஏப்ரல் 6

அடியே,

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது எட்டாம் வகுப்பில், காய்ச்சலுக்கு லீவு கேட்டு. அதற்குப் பிறகு என்னைக் கடிதம் எழுதவைத்த பெருமை உன்னையே சேரும். எட்டு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. போன மாதம் ஒருமுறை எடுத்தாய். என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய். கூடப் பிறந்தவளின் குரல் எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் எனக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றிவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கட்டிய உன் மாமாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவரைத் திட்டாதே. ஆபரேஷன் நன்றாக நடந்தது. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் நான்காம் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது பார், உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து நான் வாசலைத் தாண்டவில்லை. தைக்க வேண்டிய துணியை உன் மாமாவே வாங்கிவருகிறார், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "நான் இருக்கும்போது நீ எதுக்கு இறங்கணும்?" என்கிறார். ராணி மாதிரிதான் இருக்கிறேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துப் பார்த்து ராணிக்குக் கண் பூத்துவிட்டது.

உன் சைக்கிள் கடைத் திறப்பு அன்று நான் சொன்னது விளையாட்டுக்கு. "இவ எதையும் நாலு நாளைக்கு மேல செஞ்சதில்ல, அஞ்சாம் நாள் பஞ்சர் ஒட்ட வர்றவங்க வேற கடை பாத்துக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமியார்கூடச் சிரித்தார். நீ மட்டும்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

கடை இன்னும் இருக்கிறதா?

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

மாமியார்கூடச் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாயே, பிரச்சினையே அதுதான். இன்றுவரை சிரிக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால், "இன்னிக்கு எத்தனாவது நாளும்மா?" தெருவில் எனக்கு இப்போது பேரே நாலு நாள்காரி. எதிர்க்கடைக்காரர் ஒரு பார்சலைக் கொடுத்து அனுப்பும்போது, "அந்த நாலு நாள்காரி கடையில குடுத்துரு" என்கிறார். நீ விளையாடிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் இங்கே குடியிருக்கிறேன்.

நீ சொன்னதில் பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வயலின் நாலு நாள். நீச்சல் நாலு நாள். எல்லா வருஷத்து டைரியும் ஜனவரி நாலாம் தேதியோடு நிற்கும். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான், பயந்து பயந்து, முதல்தடவையாக ஒன்றை உண்மையாக ஆரம்பித்தேன். அந்த இடத்தில் வந்து ஊசியைக் குத்தினாய்.

முழங்கால் விஷயத்தைப் படித்ததும் அழுதுவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. மூட்டை மாற்றுகிற அளவுக்கு ஆகி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! வீம்பில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை.

கடை இருக்கிறது. ஆகஸ்ட் 20 வந்தால் ஒரு வருஷம். அன்று காலை பதினொரு மணிக்கு அதே ஆட்களைக் கூப்பிடப்போகிறேன். நீ வர வேண்டும். அதே இடத்தில் நின்று, கொடுத்த பேரை வாபஸ் வாங்க வேண்டும். கடிதத்தில் வாபஸ் வாங்கினால் செல்லாது. அதுவரை போன் கிடையாது. போனில் நீ பேசினால் எனக்கு முறையே வராது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

தங்கை (பேர் வேண்டாம், தெருவில் கேட்டால் சொல்வார்கள்)

ஏப்ரல் 22

அடியே,

வாபஸ் வாங்க வேண்டும் என்றால் முதலில் கீழே இறங்க வேண்டும். அறுபத்தெட்டுப் படி. மாடிக்குப் பதினேழு வீதம் நாலு மாடி.

உன் கடிதம் வந்த அன்று பிசியோதெரபி பெண்ணும் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் தலைமை ஆசிரியை மாதிரி. "இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா புது மூட்டும் இறுகிப்போயிரும். ஒரு நாளைக்கு ஒரு படி இறங்குங்க, ஏறுங்க. மறுநாள் ரெண்டு. அதுக்கு மேல வேணாம், ஆனா தினமும் வேணும்" என்றாள். ஒரு படி! எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் போய் நின்றதும் சிரிப்பு போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு படியில் இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உன் மாமா ஒரு ஸ்டூலோடு பின்னாலேயே நின்றார், நான் மயங்கி விழுந்தால் உட்காரவைக்க.

அது இருபதாம் தேதி. இன்று மூன்றாவது படி. துணியில் கோடு போடும் சாக்பீஸால் ஒவ்வொரு படியிலும் நம்பர் எழுதுகிறேன். காலை பத்து மணி, தவறாமல். கணக்குப் போட்டுவிட்டேன்: ஜூன் 26-ல் தெரு. உன் விழாவுக்கு இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்.

நான் ஆரம்பித்தால் விடமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். எல்லோரும் சிலரைப் போல இருக்க முடியாது.

அக்கா

மே 2

அக்கா,

"சிலரைப் போல" என்ற இடத்தில் பேனாவை அழுத்தியிருக்கிறாய். பின்பக்கம் தடவினால் தெரிகிறது.

இன்று பதிமூன்று. சரியா? நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. கடையை நான் காலை ஏழு மணிக்குத் திறப்பதாக போர்டு வைத்திருக்கிறேன். திறப்பது எட்டரை, ஒன்பது. எழுந்தால் போர்வை இழுக்கிறது. போன வாரம் காலை ஷிஃப்டுக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி பஞ்சரான சைக்கிளோடு ஏழு மணிக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஏழுன்னு போட்டிருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். நான் மண்ணுக்குள் போய்விட்டேன்.

நீ பத்து மணிக்குப் படியில் நிற்கிறாய் என்றால் நான் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கக் கூடாதா? நேற்றிலிருந்து தூக்குகிறேன். சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருக்கிறேன், நாள் எண்ண. எப்படி எண்ணுகிறேன் என்று இப்போது சொல்லமாட்டேன். நீ சிரிப்பாய்.

தங்கை

மே 12

அடியே,

இருபத்து மூன்று! காது குளிரக் கேட்டுக்கொள்.

ஆறாம் தேதி மூன்றாம் மாடியைத் தொட்டேன். அங்கே ஒரு டிரம்பெட்காரர் குடியிருக்கிறார் என்று முன்பே புலம்பியிருக்கிறேன். நேரம் காலம் இல்லாமல் ஊதுவார், நான் தடியால் தரையைத் தட்டுவேன். ஆறு வருஷமாக எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான். மீசையும் தொப்பையுமாக ஒரு ராட்சசனை மனதில் வரைந்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தது ஒரு ஒல்லிக்குச்சி. என்னைப் பார்த்ததும் நடுங்கிப்போய், "நான் இன்னும் ஊத ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றார். கச்சேரிக் கோட்டில் இரண்டு பட்டன் இல்லை. அப்படியே விட்டுவிட்டு வர என் கண்ணுக்குப் பொறுக்குமா? மாமாவை அனுப்பி ஊசி நூல் கொண்டுவரச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். ஸ்டூலுக்கும் ஒரு வேலை வந்தது.

இப்போது நான் அவர் வாசலைத் தாண்டும்போது உள்ளே கொஞ்சமாக ஊதி வைக்கிறார். சலாம் போடுகிறாராம்.

மாமாவுக்குத்தான் முகம் வாடிக் கிடக்கிறது. நான் முழுசாக இறங்கிவிட்டால் அவருக்கு வேலை போய்விடுமாம்.

மே 23-ல் இரண்டாம் மாடி. அங்கே புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் அரத்தால் எதையோ ராவுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கரும்பலகை ரகசியத்தைச் சொல். சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலம் அறிய ஆவல். எல்லாம் ஒழுங்காக நடந்துவருகிறது. மாமா நலம். வேலை சற்று அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

யாருக்குக் காது குத்துகிறாய்?

"அன்புள்ள தங்கைக்கு" என்று நீ என்னைக் கூப்பிட்டதும், உன் கையெழுத்துதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நீ அன்பாக இருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒழுங்காக நடந்திருந்தால் இந்நேரம் முதல் மாடியையும் தாண்டியிருப்பாய். இரண்டாம் மாடியில் ராவுகிற சத்தம் என்ன என்று ஒரு வரி எழுதவில்லை. ஒரு புது வீட்டு வாசலைத் தாண்டிவிட்டு அதைப் பற்றி ஊர்வம்பு பேசாமல் இருக்க உன்னால் முடியாது. செத்தாலும் முடியாது.

படியில் விழுந்துவிட்டாயா? கால் வலிக்கிறதா? மாமா தடுக்கிறாரா? எதுவானாலும் எழுது. இல்லையென்றால் அடுத்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்பேன்.

தங்கை

ஜூன் 18

அடியே,

வராதே. கடையைப் பூட்டாதே. சொல்லிவிடுகிறேன்.

விழவில்லை. வலியும் இல்லை. மே 24-ல் முப்பத்தைந்தாவது படியில் நின்றேன். மறுநாள் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள்தான். அதற்கு மறுநாள் காய்ச்சல் விட்டதும் வாசலுக்குப் போனேன். அந்த நம்பர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தையல் நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனால் நான் ஒட்டுப்போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் தைப்பேன். அதனால் நீளக் கம்புத் துடைப்பானை நனைத்து எடுத்துக்கொண்டு, முப்பத்தைந்து நம்பரையும் துடைத்து அழித்தேன். மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்பது வரை போனேன். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் பத்து மணிக்கு அளவு கொடுக்க வந்து பன்னிரண்டு மணி வரை பேசினார். அன்றைக்கு விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்று. அடுத்த தடவை ஆறில் மழைச் சாரல் அடித்துப் படி வழுக்கியது. மறுபடி ஒன்று எழுத வேண்டும் என்று சாக்பீஸைக் கையில் எடுத்தேன். எழுத முடியவில்லை. இன்றைக்கு ஒரு வாரமாயிற்று. மாமாவே தொடர்ந்து துணி சுமக்கிறார், முகத்தில் சந்தோஷம் தெரியாமல் இருக்கப் பாடுபடுகிறார்.

உன்னை நாலு நாள்காரி என்று ஊர் முன்னால் சொன்ன வாய் இது. இப்போது நான் என்ன? என்னால் ஆகஸ்ட் 20-க்கு வர முடியாது. மாமா வந்து என் சார்பில் வாபஸ் வாங்கிக்கொள்வார். உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது.

அக்கா

ஜூன் 22

என் அசட்டு அக்கா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சத்தம் போட்டுச் சிரித்ததில் வாடிக்கையாளர் பயந்துவிட்டார். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

முப்பத்தைந்து படியிலும் இருந்த நம்பரைத் துடைத்தாய் அல்லவா? எங்கே நின்று துடைத்தாய்? வீட்டு வாசலில் நின்றா? காய்ச்சல் விட்ட அன்றே, கையில் ஈரத் துடைப்பானோடு, முப்பத்தைந்து படியும் இறங்கி, அத்தனையும் ஏறியிருக்கிறாய்! இறங்கவில்லை என்பதை அழிக்க இறங்கினாயாக்கும்! உன் முழங்காலுக்குச் சாக்பீஸும் தெரியாது, ஒன்று இரண்டும் தெரியாது. அது பாட்டுக்கு இறங்கியிருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

நீ எதையும் விட்டுப் பழக்கமில்லாதவள். அதனால் விட்டதை எப்படி மறுபடி எடுப்பது என்று உனக்குத் தெரியவில்லை. அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள்!

இப்போது பலகை ரகசியத்தைச் சொல்கிறேன். அதில் நாலு வரைக்கும்தான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாம் நாள் காலையில் துடைத்துவிட்டு ஒன்று. என் கடையில் ஐந்தாம் நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு வருஷம் கடை நடத்து என்றால் என்னால் முடியாது, அக்கா. நினைத்தாலே போர்வைக்குள் போய்விடுவேன். நாலு நாள் நடத்து என்றால், அதில்தான் நான் கெட்டிக்காரி என்று நீயே ஊருக்குச் சொல்லியிருக்கிறாயே! நடுவில் எத்தனையோ நாள் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் ஒன்று போட்டேன். அவ்வளவுதான். கடை ஒன்றும் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

நீ தையல்காரி, பிரித்துத் தைப்பாய். நான் பஞ்சர் ஒட்டுகிறவள். ஓட்டை விழுந்ததென்று டியூபைத் தூக்கி எறிந்தால் என் பிழைப்பு என்னாவது? ஓட்டை எங்கே என்று பார்த்து, ஒட்டி, காற்றடித்து, நின்ற இடத்திலிருந்து ஓட்டு என்று அனுப்புகிறேன்.

நாளை பத்து மணிக்கு நேராக முப்பத்தைந்துக்குப் போ. பயமாக இருந்தால் மாமாவை உனக்கு முன்னால் இரண்டு படி இறங்கி நிற்கச் சொல். ஸ்டூலும் இருக்கட்டும். நாலு வரைக்கும் எண்ணு, போதும். அறுபத்தெட்டை நாலால் வகுத்துப் பார். பதினேழு. மிச்சமில்லாமல் போகிறது. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் என் கட்சி.

மாமா வந்து வாபஸ் வாங்கினால் செல்லாது.

தங்கை

ஜூலை 3

அடியே,

உன் கடிதத்தை எட்டு நாள் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். பயம்தான், வேறென்ன.

ஜூலை ஒன்றாம் தேதி காலை கதவைத் திறந்தேன். படியெல்லாம் நம்பர்! நான் துடைத்தெடுத்த படிகளில் ஒன்றிலிருந்து மறுபடி நம்பர். என்னுடைய நீலச் சாக்பீஸ் இல்லை, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்பீஸ். எழுத்து கோணல்மாணல். பிடித்துப் பிடித்து இறங்கினேன். மூன்றாம் மாடியில் டிரம்பெட்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். "நீங்க எழுதினதா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க பத்து மணிக்கு இந்தப் பக்கம் வருவீங்க, அதுக்குள்ள நான் எழுந்து குளிச்சு பிராக்டிஸுக்கு உக்காந்திருவேன். நீங்க வரலன்னதும் எனக்கும் எல்லாம் போச்சுங்க. ஒரு மாசமா ஒழுங்கா ஊதல" என்றார். ஆறு வருஷம் தடியால் தட்டி அடக்கப் பார்த்த சத்தத்துக்கு நான்தான் இப்போது அலாரமாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

முப்பத்தைந்து வரை போனேன். முழங்கால் முனகியது, ஆனால் மறக்கவில்லை. நேற்று முப்பத்தாறு. இன்று முப்பத்தேழு, ஆனால் நான் மூன்று என்று எழுதினேன்.

இரண்டாம் மாடியில் ராவுகிற சத்தம் என்ன என்று கேட்டாயே! அங்கே ஒரு அம்மாள் வீட்டிலேயே பல்செட் செய்கிறார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அலமாரி முழுக்கப் பல். அத்தனையும் என்னைப் பார்த்து இளிக்கின்றன. எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாகப் போய்விட்டது.

அக்கா

ஜூலை 17

அக்கா,

ஊர்வம்பு வந்துவிட்டது, நீயும் வந்துவிட்டாய்! பல் அலமாரியை நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன். பம்ப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

போன வாரம் எனக்குச் சளி பிடித்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பலகை இரண்டில் நின்றது. பரவாயில்லை, வந்து ஒன்று போடுவோம் என்றிருந்தேன். கடைக்கு வந்து பார்த்தால் பலகையில் நாலு! விசாரித்தால், என் மாமியார் இரண்டு நாளும் ஏழு மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்கி, பலகையில் எழுதிவிட்டு, வந்தவர்களிடம், "எனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது, காத்து வேணா அடிச்சுத் தர்றேன்" என்று உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் வந்து ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, "எத்தனாவது நாள்னு நான்தானே தினமும் கேக்கறேன், விட்டுப்போனா நல்லாவா இருக்கும்?" என்கிறார். இத்தனை மாதமும் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. அவர் என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்று எத்தனை? நாலுக்குள் சொல்.

தங்கை

ஆகஸ்ட் 8

அடியே,

தெரு!

நடுவில் மூன்று நாள் விட்டுப்போயிற்று. ஒரு நாள் மழை, இரண்டு நாள் உன் மாமாவின் சொந்தக்காரர்கள். விட்டதற்காகத் துடைப்பானைத் தேடவில்லை. மறுநாள் ஒன்று போட்டேன். ஆறாம் தேதி பத்தே காலுக்கு அறுபத்தெட்டாவது படியிலிருந்து காலை எடுத்துத் தெருவில் வைத்தேன்.

பல்செட் அம்மாள் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். முதல் மாடியில் நாய் வளர்க்கும் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள், நாயும் வந்தது. டிரம்பெட்காரர் வாசலில் நின்று முழு மூச்சில் ஊதினார். தெருவில் போனவர்கள் கல்யாணமா என்று கேட்டார்கள். உன் மாமா ஸ்டூலைப் போட்டு அதில் தானே உட்கார்ந்துவிட்டார். "கண்ணுல தூசி" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு குப்பை லாரி போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுகூட அழகாக இருந்தது. முனைக்கடை வரை போய் நானே ஒரு நூல்கண்டு வாங்கினேன். தினமும் துணி கொண்டுபோய்க் கொடுப்பது இனி நான். மாமா கூடவே வரட்டும், பேச்சுத்துணைக்கு.

சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் செல்லாது என்றாலும். உன் கடைத் திறப்பு அன்று நான் சொன்னது விளையாட்டு இல்லை. நீ எண்ணெய்க் கையோடு அத்தனை சந்தோஷமாக நின்றாய். நான் ஒருநாளும் பயந்து பயந்து எதையும் ஆரம்பித்ததில்லை. தெரிந்ததை மட்டும் செய்து, விடாதவள் என்று பேர் வாங்கியவள். உன்னைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அதனால் குத்தினேன். என்னை மன்னித்துவிடு.

இருபதாம் தேதி பதினொரு மணிக்கு வருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 13

அக்கா,

கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை, எழுத்து நனைந்துவிட்டது. மன்னிப்பதாவது! எட்டாம் வகுப்பில் நீ லீவு கேட்ட காய்ச்சல் எனக்கு வந்த காய்ச்சல், என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் பொய் சொன்னாய். அது எனக்கு மறந்துவிட்டதென்று நினைத்தாயா?

எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மாமியார் நாற்காலி வாடகைக்கு எடுக்கிறார். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பதினொரு மணிக்கு முன்னால் வந்துவிடாதே. நீ நிற்கிறாய் என்று தெரிந்தால் எனக்குக் கை ஓடாது. முதலில் என் கடையை நான் திறந்துகொள்கிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 20

அடியே,

இதில் ஸ்டாம்ப் இல்லை, தேடாதே. நேற்றுச் சாயங்காலமே நானும் மாமாவும் வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டோம். பதினொரு மணிக்கு முன்னால் வராதே என்றால் நான் கேட்டுவிடுவேனா? என்னை உனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்?

இப்போது மணி ஆறு இருபது. உன் கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸில் ஐந்து படி, அறையில் பன்னிரண்டு படி, எல்லாம் நானே. மாமா பக்கத்தில் தூங்கி விழுகிறார். எழுதி முடித்ததும் இதைக் கம்பி ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு மறுபடி இங்கேயே வந்து உட்காருவேன். நீ கடையைத் திறக்கப் போகும் அவசரத்தில் பெஞ்சைப் பார்க்கமாட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பக்கவாட்டில் கண் கிடையாது.

பதினொரு மணிக்கு நான் பேசப்போவதை இப்போதே சொல்கிறேன், அப்போது நடுவில் மறந்தால் நீ எடுத்துக்கொடு. "என் தங்கச்சிக்கு நான் ஒரு பேரு வச்சேன். அத இப்ப வாபஸ் வாங்கிக்கறேன். வாங்கினத வேற யாருக்கும் குடுக்கறதா இல்ல, நானே வச்சுக்கப்போறேன்." சம்மதமா? நானும் இப்போது நாலு நாள்காரிதான். நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது.

கம்பி வழியாகப் பலகை தெரிகிறது. நேற்றைய நாலு இருக்கிறது.

ஷட்டரைத் தூக்கியதும் இது உன் காலடியில் கிடக்கும். படித்துவிட்டு உடனே ஓடி வராதே. முதலில் போய் அந்த நாலைத் துடை. ஒன்று எழுது.

எழுதியாயிற்றா? இப்போது திரும்பிப் பார்.